ரெகுலர் சீசன், பிளேஆஃப்: ஒரே ஆட்டக்காரரின் இரண்டு கணக்கையும் ஒப்பிட முழுமையான வழிகாட்டி

மே மாதத்தில் நமக்கு விடியற்காலையில்தான் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.-வின் பிளேஆஃப் ஓடும். எல்லா அணியும் ஆடும் லீக் சுற்றுதான் ரெகுலர் சீசன். அதில் தேறிய அணிகள், தோற்றால் வெளியேறும் தொடர்களாக ஆடுவது பிளேஆஃப். ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, கோர்ட்டில் கொஞ்ச நேரம் பந்து தட்டிவிட்டு, கோயம்புத்தூர் வழக்கப்படி பேக்கரியில் டீக்கு நிற்கும்போது சண்டை ஆரம்பிக்கும். "ரெகுலர் சீசன்ல 23, பிளேஆஃப்ல 27. இதுக்கு மேல என்னுங்ணா வேணும்?" என்று ஒரு தம்பி போனை நீட்டுவான். ஒருவர் ஆட்டத்துக்குச் சராசரியாக எடுத்த பாயிண்ட் இரண்டு எண், ஒரு கழித்தல், உடனே தீர்ப்பு.

இப்படி வந்த பல பேரோடு உட்கார்ந்து ஷீட் போட்டுப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் இடறுவது அதே நாலைந்து இடத்தில்தான். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வேண்டிய எண்ணைச் சுத்தம் செய்து கொடுக்கிறது.

1. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

முதலில் கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள். ஒரே சீசனைப் பற்றிய கேள்வியா, மொத்த ஆட்ட வாழ்க்கையைப் பற்றியதா? இரண்டுக்கும் வழி வேறு. பாதி சண்டை, ஒருவன் முதலாவதைப் பேச மற்றவன் இரண்டாவதைப் பேசுவதால் வருவது.

அடுத்து, சராசரிப் பட்டியலை விட்டுவிட்டு ஆட்டவாரியான பதிவை எடுங்கள். பாஸ்கெட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் இது இருக்கிறது. ரெகுலர் சீசனுக்கு ஒரு ஷீட், பிளேஆஃபுக்கு இன்னொன்று. தேதி, எதிரணி, நிமிடம், பாயிண்ட், போட்டுப் பார்த்த ஷாட், ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா ஷாட்), மூன்று பாயிண்ட் ஷாட், அசிஸ்ட் (கூடை விழ வைத்த பாஸ்), டர்ன்ஓவர் (பந்தைப் பறிகொடுத்தது) ஆகிய இத்தனை பத்தி போதும். வெறும் சராசரி கையில் இருந்தால் அதைப் பின்னால் பிரித்துப் பார்க்க முடியாது. நாம் செய்யப்போவது பெரும்பாலும் பிரிக்கிற வேலைதான்.

இங்கேயே மூன்று தவறு நடக்கும்.

ஆடாத ஆட்டத்தின் வரியில் 0 போட்டுவிடுவார்கள். அந்த வரியையே நீக்குங்கள், இல்லாவிட்டால் சராசரி காரணமே இல்லாமல் இறங்கும்.

பழைய ஆட்டக்காரர்களுக்குச் சில கட்டம் காலியாக இருக்கும். ஸ்டீலும் (பந்தைப் பறிப்பது) பிளாக்கும் (ஷாட்டைத் தட்டிவிடுவது) 1973-74 முதல்தான் என்.பி.ஏ. கணக்கில் ஏறின. மூன்று பாயிண்ட் கோடு 1979-80-ல் வந்தது. காலியைக் காலியாகவே விடுங்கள்.

மூன்றாவது, பிளேஆஃபின் கடைசி இடங்களுக்காக இடையில் நடக்கும் பிளே-இன் ஆட்டம். அது ரெகுலர் சீசனிலும் சேராது, பிளேஆஃபிலும் சேராது. 2023 ஏப்ரலில் சிகாகோவுக்கு எதிராக மயாமி அணியின் ஜிம்மி பட்லர் எடுத்த 31 பாயிண்ட் இந்த இரண்டு ஷீட்டிலும் இருக்காது. காணோமே என்று நீங்களாகச் சேர்த்துவிட வேண்டாம்.

2. சீசனோடு சீசனைப் பொருத்துங்கள்

மொத்த ஆட்ட வாழ்க்கையை ஒப்பிடுகிறவர்களுக்கு இதுதான் முதல் படி. ஒரே சீசன் என்றால் மூன்றாம் படிக்குப் போய்விடலாம்.

மைக்கேல் ஜோர்டனை எடுத்துக்கொள்வோம். ரெகுலர் சீசனில் 1,072 ஆட்டம், சராசரி 30.1. பிளேஆஃபில் 179 ஆட்டம், சராசரி 33.4. வித்தியாசம் 3.3 என்று எல்லோரும் எழுதுகிறார்கள்.

ஆனால் அந்த 1,072-க்குள் வாஷிங்டனுக்காக நாற்பது வயதை ஒட்டி ஆடிய இரண்டு சீசன் இருக்கிறது. அப்போது அவர் எடுத்தது 22.9-ம் 20.0-ம். அந்த அணி பிளேஆஃப் பக்கமே போகவில்லை. ஆக, வயதான ஜோர்டன் ஒரு பக்கக் கணக்கில் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். பெரிய ஆட்டக்காரர்கள் பலருக்கும் இதே கதைதான். அணி நன்றாக இருந்த, உடம்பு உச்சத்தில் இருந்த வருடங்களில்தான் பிளேஆஃப் ஆட்டம் அதிகம் சேரும்.

சரிசெய்யும் வழி இது. ஒவ்வொரு சீசனின் ரெகுலர் சராசரியையும் அந்த சீசனில் அவர் ஆடிய பிளேஆஃப் ஆட்ட எண்ணிக்கையால் பெருக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டி, மொத்த பிளேஆஃப் ஆட்ட எண்ணிக்கையால் வகுங்கள். 1991-92-ல் 30.1 சராசரி, 22 பிளேஆஃப் ஆட்டம். எனவே அந்த 30.1-க்கு 22 பங்கு எடை. காலில் அடிபட்டு 18 ஆட்டமே ஆடிய 1985-86-ல் 22.7 சராசரி, பிளேஆஃப் 3 ஆட்டம். அதற்கு 3 பங்குதான்.

13 பிளேஆஃப் சீசனுக்கும் இப்படிப் போட்டால் ஜோர்டனுடைய ரெகுலர் சராசரி 30.9 வருகிறது. வித்தியாசம் 3.3-லிருந்து 2.5-க்கு இறங்குகிறது. அப்போதும் அது பெரிய ஏற்றம்தான். ஆனால் கால் பங்கு, வாஷிங்டன் காலத்தை இழுத்துப் போட்டதால் வந்த மாயம்.

"வாஷிங்டனை வெட்டிட்டு புல்ஸ் சராசரிய மட்டும் எடுத்தா ஆகாதுங்ளா?" என்று கேட்பார்கள். புல்ஸ் என்பது அதற்கு முன் அவர் ஆடிய சிகாகோ அணி. அதற்கு 930 ஆட்டத்தில் 31.5. அப்படிப் பார்த்தால் வித்தியாசம் 2-க்கும் கீழே போகும். இதுவும் சரியில்லை. பிளேஆஃப் ஆட்டம் மூன்றே மூன்று இருந்த 1986-87-ன் 37.1, முழு 82 ஆட்டத்தின் கனத்தோடு உள்ளே நிற்கிறது. பொருத்துவது என்றால் முழுதாகப் பொருத்த வேண்டும்.

3. நிமிடத்தைச் சமன் செய்யுங்கள்

அதிகம் பேர் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். கணக்கென்னவோ ஒரே ஒரு வகுத்தல்.

பிளேஆஃபில் பயிற்சியாளர் பெஞ்சைச் சுருக்குவார். முக்கிய ஆட்டக்காரர் 33, 34 நிமிடத்திலிருந்து 39, 40-க்குப் போவார். திருப்பூரில் இருப்பவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. ஒரு ஷிப்டு பார்த்தவர் அடித்த பீஸையும் ஒன்றரை ஷிப்டு பார்த்தவர் அடித்த பீஸையும் பக்கத்தில் வைத்து யார் கை வேகம் என்று யாராவது கேட்பார்களா?

மொத்த பாயிண்டை மொத்த நிமிடத்தால் வகுத்து 36-ஆல் பெருக்குங்கள். 48-ஆல் பெருக்கினாலும் குற்றமில்லை. இரண்டு பக்கமும் ஒரே எண்ணாக இருந்தால் சரி.

கார்ல் மலோனின் மொத்த ஆட்ட வாழ்க்கையைப் பாருங்கள். ரெகுலர் சீசனில் 25.0, பிளேஆஃபில் 24.7. சராசரியை மட்டும் பார்த்தால் ஆள் அசையவே இல்லை. நிமிடம் 37.2-லிருந்து 41.0. 36 நிமிடக் கணக்குக்குக் கொண்டுவந்தால் 24.2 இருந்தது 21.7 ஆகிறது. சராசரி மறைத்து வைத்திருந்த இறக்கம் வெளியே வந்துவிட்டது.

இப்போது அந்தத் தம்பியின் 23-க்கும் 27-க்கும் வருவோம். அது பட்லருடைய 2022-23 கணக்கு. ரெகுலர் சீசன் 22.9, பிளேஆஃப் 26.9. நிமிடம் 33-க்குச் சற்று மேலே இருந்து கிட்டத்தட்ட 40-க்கு ஏறியிருக்கிறது. 36 நிமிடத்துக்குச் சமன் செய்தால் இரண்டும் 24.5-ஐ ஒட்டி வந்து நிற்கின்றன. நாலு பாயிண்ட் ஏற்றம் முழுவதும் கூடுதல் நிமிடம்.

தம்பிக்கு முகம் வாடிவிட்டது. வாட வேண்டியதில்லை. ஆறு நிமிடம் கூடுதலாக ஓடி, நல்ல தடுப்பாட்டத்துக்கு எதிரே, அதே வேகத்தில் பாயிண்ட் எடுப்பது லேசான காரியமா? மலோனுக்கு முடியவில்லையே. ‘ஏறினார்’ என்று எழுத வந்தவர் ‘இறங்கவில்லை’ என்று எழுத வேண்டும், அவ்வளவுதான்.

4. எத்தனை ஷாட் செலவானது என்று பாருங்கள்

பனியன் கம்பெனியில் எத்தனை பீஸ் வந்தது என்பதோடு எத்தனை கிலோ துணி போனது என்றும் கேட்பார்கள். இங்கே துணி என்பது ஷாட் வாய்ப்பு.

வெறும் ஷாட் சதவீதம் போதாது. அது மூன்று பாயிண்ட் ஷாட்டையும் இரண்டு பாயிண்ட் ஷாட்டையும் ஒன்றாக எண்ணும், ஃப்ரீ த்ரோவைக் கண்டுகொள்ளாது. அதற்குப் பதில் ட்ரூ ஷூட்டிங் சதவீதம் போடுங்கள். போட்டுப் பார்த்த ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44-ஆல் பெருக்கி, போட்டுப் பார்த்த ஷாட் எண்ணிக்கையோடு கூட்டுங்கள். அதை இரண்டால் பெருக்குங்கள். மொத்த பாயிண்டை இந்த எண்ணால் வகுங்கள்.

ஏன் 0.5 போடாமல் 0.44? எல்லா ஃப்ரீ த்ரோவும் இரண்டிரண்டாக ஒரு வாய்ப்பைத் தின்பதில்லை. கூடை விழுந்த பிறகு கிடைக்கும் ஒற்றை ஃப்ரீ த்ரோ, மூன்று பாயிண்ட் ஷாட்டில் ஃபவுல் ஆகிக் கிடைக்கும் மூன்று, டெக்னிக்கல் ஃபவுலுக்கு வரும் ஒன்று எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. அதனால் எடை பாதிக்குக் கீழே இறங்குகிறது.

ஒரு கற்பனைக் கணக்கு. ரெகுலர் சீசனில் ஒருவர் ஆட்டத்துக்கு 18 ஷாட், 6 ஃப்ரீ த்ரோ, 25 பாயிண்ட். ட்ரூ ஷூட்டிங் 60.6 சதவீதம். பிளேஆஃபில் 22 ஷாட், 7 ஃப்ரீ த்ரோ, 27 பாயிண்ட். இப்போது 53.8. பாயிண்ட் இரண்டு கூடியிருக்கிறது, அதற்காக நாலு ஷாட் கூடுதலாகச் செலவாகியிருக்கிறது. இதை ஏற்றம் என்று எழுத எனக்குக் கை வராது.

நிஜக் கணக்கு வேண்டுமானால் மலோனுடைய ஷாட் சதவீதம் ரெகுலர் சீசனில் 51.6, பிளேஆஃபில் 46.3. மூன்றாம் படியில் பார்த்த இறக்கத்துக்கு இங்கே இரண்டாவது சாட்சி கிடைக்கிறது. பட்லருக்கும் அந்த வருடம் 54-ஐ ஒட்டி இருந்தது 47-ஐ ஒட்டி இறங்கியது. அதை மறைக்காமல் ஷீட்டில் எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிளேஆஃபில் லீக் முழுவதற்குமே இந்தச் சதவீதம் பொதுவாகச் சற்று இறங்கும். எனவே இறக்கத்தைத் தனியாகப் பார்க்காமல், அந்த வருட லீக் சராசரி எவ்வளவு இறங்கியது என்பதோடு சேர்த்துப் பாருங்கள்.

5. ஆட்டத்தின் வேகம்

இது சின்னப் படி. பிளேஆஃப் ஆட்டம் மெதுவாக நடக்கும், ஒவ்வோர் அணிக்கும் பந்து கிடைக்கும் முறை குறையும். ஒரே சீசனுக்குள் ஒப்பிடும்போது இந்த வித்தியாசம் சிறியது. 100 பந்து வாய்ப்புக்கு எத்தனை பாயிண்ட் என்ற எண் தளத்திலேயே கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

வெவ்வேறு காலத்து ஆட்டக்காரர் இருவரைப் பக்கத்தில் வைக்கிறீர்கள் என்றால் மட்டும் இதைத் தவிர்க்கக் கூடாது. அறுபதுகளில் ஆட்டம் ஓடிய வேகமே வேறு.

6. எதிரே யார் நின்றது?

30 அணியில் 16 மட்டும் பிளேஆஃபுக்குப் போகும். மீதி 14 அணிக்கு எதிராக எடுத்த பாயிண்ட் எல்லாம் ரெகுலர் சீசன் பக்கத்தில் மட்டும் இருக்கும். சீசன் கடைசியில் சில அணிகளுக்கு ஜெயிப்பதில் அக்கறையே இருக்காது. நிறையத் தோற்றால்தான் டிராஃப்டில், அதாவது புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில், நல்ல இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

எளிய வழி: ரெகுலர் சீசன் ஷீட்டில் எதிரணிப் பத்தியை வடிகட்டி, அந்த வருடம் பிளேஆஃபுக்கு வந்த அணிகளோடு ஆடிய ஆட்டத்தை மட்டும் வையுங்கள். 30, 40 ஆட்டம் தேறும். மூன்றாம் படியையும் நாலாம் படியையும் இந்த ஆட்டங்களுக்கு மட்டும் திரும்பப் போட்டு பிளேஆஃபோடு ஒப்பிடுங்கள்.

புதிதாக வருபவர்கள் இதை இன்னும் இறுக்கி, ‘அதே அணியோடு ரெகுலர் சீசனில் எப்படி’ என்று பார்க்கப் போவார்கள். இப்போதைய அட்டவணையில் ஓர் அணியோடு இரண்டிலிருந்து நாலு ஆட்டம்தான் இருக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இன்னொரு வழியும் உண்டு. எதிரணி 100 வாய்ப்புக்கு எத்தனை பாயிண்ட் விட்டுக்கொடுக்கும் அணி என்று பாருங்கள். லீக் சராசரி 115, எதிரணி 111 மட்டுமே விடும் அணி என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு எதிராக எடுத்த 26 பாயிண்ட், சராசரி அணிக்கு எதிராக ஏறத்தாழ 27-க்குச் சமம். தோராயக் கணக்குதான். ஆனால் ஒரு பாயிண்ட் சண்டையைத் தீர்க்க இது போதும்.

வில்ட் சேம்பர்லின் கதையில் இந்தப் படியின் அவசியம் தெரியும். 1961-62-ல் ரெகுலர் சீசன் 50.4, பிளேஆஃப் 35.0. 15 பாயிண்ட் சரிவு என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர் ரெகுலர் சீசனிலேயே ஆட்டத்துக்கு 48.5 நிமிடம் ஆடியவர். கூடுதல் நேரம் ஆட வைத்த ஆட்டங்களும் அதில் சேர்த்தி. 48 நிமிட ஆட்டத்தில் பிளேஆஃபுக்கென்று ஏற்ற நிமிடமே மிச்சமில்லை. 12 பிளேஆஃப் ஆட்டத்தில் 7 பாஸ்டனோடு, எதிரே பாஸ்டனின் பேர்பெற்ற தடுப்பாட்டக்காரர் பில் ரஸல். சரிவு இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த 7 ஆட்டத்தை, அதே சீசனில் பாஸ்டனோடு ஆடிய ரெகுலர் சீசன் ஆட்டங்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசுங்கள். அந்தக் காலத்தில் 9 அணிதான், ஒரே அணியோடு பல முறை ஆடியதால் இந்த ஒப்பீடு அப்போது செல்லுபடியாகும்.

7. தொடர்தொடராகப் பிரியுங்கள்

எனக்குப் பிடித்த படி. ஆட்டவாரிப் பதிவை எடுக்கச் சொன்னதே இதற்காகத்தான்.

பட்லரின் 2023 பிளேஆஃபை எதிரணி வாரியாகப் பிரித்தால்:

மில்வாக்கிக்கு எதிராக 5 ஆட்டம், 188 பாயிண்ட், சராசரி 37.6.
நியூயார்க்குக்கு எதிராக 5 ஆட்டம், 123 பாயிண்ட், சராசரி 24.6.
பாஸ்டனுக்கு எதிராக 7 ஆட்டம், 173 பாயிண்ட், சராசரி 24.7.
டென்வருக்கு எதிராக 5 ஆட்டம், 108 பாயிண்ட், சராசரி 21.6.

மொத்தம் 22 ஆட்டம், 592 பாயிண்ட், 26.9. முதல் தொடரை எடுத்துவிட்டால் 17 ஆட்டத்தில் 404, சராசரி 23.8. ரெகுலர் சீசனின் 22.9-லிருந்து ஒரு பாயிண்ட்கூட மேலே இல்லை. ஏற்றம் என்று நாம் கொண்டாடியது ஏறக்குறைய முழுவதும் ஒரே தொடரில், அதிலும் 56 எடுத்த ஒரு ராத்திரியில் இருக்கிறது.

அதற்காக முதல் தொடரைத் தூக்கி எறியக் கூடாது. அதுவும் நடந்ததுதான். அந்த சீசனின் சிறந்த வெற்றிக் கணக்கு வைத்திருந்த மில்வாக்கியை எட்டாம் இடத்து மயாமி வீட்டுக்கு அனுப்பியது அந்த 188 பாயிண்டால்தான். ஆனால் ‘பிளேஆஃப் வந்தாலே அவர் வேற ஆள்’ என்று பொதுவாகச் சொல்லும் கூற்றை இந்த நாலு வரி தாங்காது.

ஷீட்டில் எப்போதும் மூன்று எண் வையுங்கள்: மொத்த சராசரி, சிறந்த தொடரை நீக்கிய சராசரி, மோசமான தொடரை நீக்கிய சராசரி. மூன்றும் ரெகுலர் சீசனுக்கு ஒரே பக்கம் நின்றால்தான் திசை உறுதி.

8. எண்ணிக்கை போதுமா?

ஒரு மரத்துக் காயைப் பார்த்துப் பொள்ளாச்சியில் யாரும் தோப்புக் குத்தகை பேச மாட்டார்கள். ஆனால் ஆறு ஆட்டத்து மூன்று பாயிண்ட் சதவீதத்தை வைத்துப் பெரிய பெரிய கட்டுரை எழுதுகிறார்கள்.

40 சதவீதம் போடும் ஆள் ஒரு தொடரில் 40 மூன்று பாயிண்ட் ஷாட் போடுகிறார் என்றால் 16 விழ வேண்டும். திறமை கொஞ்சமும் மாறாமலேயே 13-ம் விழும், 19-ம் விழும். அதாவது 32.5 சதவீதமும் சாதாரணம், 47.5-ம் சாதாரணம். இந்த எல்லைக்குள் இருக்கும் எதற்கும் ‘பயந்துவிட்டார்’, ‘நெஞ்சுரம்’ என்று காரணம் கற்பிக்காதீர்கள்.

என்னுடைய அளவுகோல்: 20 ஆட்டத்துக்குக் கீழே இருந்தால் தீர்ப்பு எழுதுவதில்லை. எண்ணை மட்டும் எழுதி வைத்துவிட்டு அடுத்த வருடத்துக்குக் காத்திருப்பேன்.

9. எண்ணில் ஏறாத விஷயங்களுக்கு ஒரு குறிப்புப் பத்தி

கடைசியில் வர வேண்டிய படி இது. முதலிலேயே இதைப் பேச ஆரம்பித்தால் பிடித்த ஆளுக்குச் சாக்கும் பிடிக்காத ஆளுக்குக் குற்றமுமாகப் போய்விடும்.

அடிபட்டாரா, கூட ஆடுபவர் அடிபட்டாரா, எதிரணியில் யார் இல்லை என்ற மூன்று கேள்வி போதும். பட்லரின் வரிசையில் மூன்றுக்குமே பதில் இருக்கிறது. மில்வாக்கி தொடரின் முதல் ஆட்டத்திலேயே அவருடைய அணியின் டைலர் ஹீரோ கையை உடைத்துக்கொண்டார், பாயிண்ட் எடுக்கும் பாரம் கூடியது. அதே ஆட்டத்தில் எதிரணியின் நட்சத்திரம் யானிஸ் முதுகில் அடிபட்டு அடுத்த இரண்டு ஆட்டம் ஆடவில்லை. நியூயார்க் தொடரின் முதல் ஆட்டத்தில் பட்லருக்கே கணுக்கால் மடங்கி இரண்டாவது ஆட்டத்தில் உட்கார்ந்தார். 37.6-லிருந்து 24.6-க்கு இறங்கியதில் அந்தக் கணுக்காலுக்குப் பங்கில்லை என்று யாரால் சொல்ல முடியும்?

அதேபோல ஸ்டீஃபன் கரி 2015-16-ல் 30.1 எடுத்து பிளேஆஃபில் 25.1-க்கு இறங்கினார். முதல் சுற்றிலேயே முழங்கால் தசைநார் இழுத்துக்கொண்டது. குறிப்புப் பத்தியில் இதை எழுதுங்கள். ஆனால் இதற்காக எண்ணைத் திருத்தாதீர்கள். இத்தனை பாயிண்ட் கூட்டிக்கொடுக்கலாம் என்று ஒருமுறை நான் ஆரம்பித்து, முடிவில் என் விருப்பத்தைத்தான் கூட்டியிருந்தேன்.

10. தீர்ப்பை எழுதும் விதம்

ஒரே வரி, நிபந்தனைகளோடு. பட்லருக்கு நான் எழுதியது இது: "2022-23-ல் நிமிடக் கணக்கில் பாயிண்ட் வேகம் மாறவில்லை, ஷாட் சதவீதம் இறங்கியது, மொத்த சராசரியின் ஏற்றம் முதல் தொடரிலிருந்தும் கூடுதல் நிமிடத்திலிருந்தும் வந்தது."

தம்பி படித்துவிட்டு, "இதப் போயி ஸ்டேட்டஸ்ல வைக்க முடியாதுங்ணா" என்றான். உண்மைதான்.

11. நம்ம ஊர் டோர்னமெண்டுக்குப் போடுவதென்றால்

லீக் சுற்று முடிந்து நாக் அவுட் வரும் எந்தப் போட்டிக்கும் இதே வழிதான். லீக் ஆட்டத்தை ரெகுலர் சீசனாகவும் நாக் அவுட்டைப் பிளேஆஃபாகவும் வைத்துக்கொள்ளுங்கள். சில மாற்றம் மட்டும் உண்டு.

இங்கே ஆட்டம் 48 நிமிடம் இல்லை, பத்துப் பத்து நிமிடமாக 40. அதனால் 36-க்குப் பதில் 30 நிமிடத்துக்குச் சமன் செய்யுங்கள்.

பெரிய சிக்கல், ஸ்கோர் ஷீட்டில் விழுந்த பாயிண்டும் ஃபவுலும்தான் இருக்கும். தவறிய ஷாட்டும் ஆடிய நிமிடமும் இருக்காது. அவை இல்லாமல் மூன்றாம் படியும் நாலாம் படியும் நடக்காது. எனவே ஒரு பையனை கேலரியில் நோட்டோடு உட்கார வையுங்கள். ஒரு ஆட்டத்தில் இரண்டு ஆட்டக்காரரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது ஆளைச் சேர்த்தால் கண்டிப்பாக விட்டுவிடுவான். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், போட்ட ஷாட்டுக்கு ஒரு கோடு, விழுந்தால் அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். கடிகாரத்தை நிறுத்தும்போதும் ஓட விடும்போதும் அவன் பார்க்க வேண்டியது ஸ்கோர் போர்டைத்தான், கையில் இருக்கும் போனை இல்லை. போனில் ஓடும் நேரம் டைம் அவுட்டையும் சேர்த்து எண்ணிவிடும்.